நெட்வொர்க் டிரைவர் பில்டில் கம்பைலரே விழுந்தால்: படிப்படியான முழு வழிகாட்டி

லினக்ஸ் கெர்னலையோ தனியான ஒரு நெட்வொர்க் டிரைவரையோ பில்ட் செய்யும்போது "இன்டர்னல் கம்பைலர் எரர்" என்று வந்து எல்லாம் நின்றுபோனால், புதிதாக வருபவர்கள் முதலில் டிரைவர் கோடைத் திறந்து திருத்தத் தொடங்குகிறார்கள். அங்கேயே பாதி நாள் போய்விடுகிறது. உங்கள் கோடு எவ்வளவு தப்பாக இருந்தாலும் கம்பைலர் முறையான பிழைச்செய்தி கொடுத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். அது விழுந்துவிட்டது என்றால், பிழை கோடுக்கு வெளியே இருக்கிறது.

வெளியே என்றால் மூன்று இடங்கள். இயந்திரம்: ரேம் போதவில்லை, அல்லது ரேமே பழுது. சூழல்: கம்பைலரோடு ஒட்டிக்கொண்ட பிளகின்கள், கலந்துபோன பதிப்புகள். கடைசியாக, கம்பைலருக்குள்ளேயே இருக்கும் பிழை. கீழே உள்ள வரிசை, சீக்கிரம் முடியும் சோதனைகளை முன்னால் வைக்கிறது. வரிசையை மாற்றினால், ரேம் பழுதை ஜிசிசியின் (கெர்னலை வழக்கமாகப் பில்ட் செய்யும் கம்பைலரின்) பிழை என்று புகார் செய்யும் நிலை வரும்.

கட்டளைகளும் தேர்வுகளும் இங்கே உச்சரிப்பின்படி எழுதப்பட்டுள்ளன. டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில் அடியுங்கள். வி=, எம்=, ஓ=, சிசி= போன்றவையும் மேக்கின் -சி-யும் பெரிய எழுத்தில் வர வேண்டும். உதாரணக் கோப்பாக டிரைவர்ஸ்/நெட்/ஈத்தர்நெட்/இன்டெல்/இ1000இ/நெட்டெவ்.சி என்பதை எடுத்துக்கொள்கிறோம். அந்த டிரைவரில் குறை என்று பொருள் இல்லை. பலருக்கும் பழகிய பாதை, அவ்வளவுதான்.

## 1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பில்ட் விழுந்த கணத்தில் "மேக் க்ளீன்" அடிக்காதீர்கள். முதலில் நான்கு விஷயங்களைச் சேமியுங்கள்.

பில்டின் முழு வெளியீடு. திரையில் தெரியும் கடைசி பத்து வரி போதாது. உண்மையான காரணம் பெரும்பாலும் அதற்கு மேலே, வேறு கோப்புகளின் வரிகளுக்கு நடுவே புதைந்திருக்கும்.

கெர்னலின் டாட்-கான்ஃபிக் கோப்பு. ஒரே கோடு ஒரு கான்ஃபிக்கில் விழும், இன்னொன்றில் விழாது. இந்தக் கோப்பு இல்லாமல் யாரும் உங்கள் சிக்கலை மறுபடி உருவாக்க முடியாது.

"ஜிசிசி -வி" தரும் முழு விவரம். "ஜிசிசி 13" என்று மட்டும் குறித்து வைப்பதில் பயன் இல்லை. 13.1-க்கும் 13.3-க்கும் நடுவே பல பிழைகள் திருத்தப்பட்டிருக்கும். டிஸ்ட்ரோக்கள் தங்கள் பேட்சுகளையும் சேர்த்திருப்பார்கள்.

கெர்னல் சோர்ஸின் சரியான பதிப்பு. கிட் மரமாக இருந்தால் கமிட் எண்ணும், சேமிக்காத மாற்றங்கள் ஏதும் உண்டா என்பதும்.

உங்கள் கெர்னல் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச ஜிசிசி பதிப்பையும் பாருங்கள். ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரியில் உள்ள மின்-டூல்-வெர்ஷன் என்ற ஸ்கிரிப்ட்டிடம் கேட்டால் சொல்லும். லினக்ஸ் 5.15-இலிருந்து ஜிசிசி 5.1 குறைந்தபட்சம், 6.16-இல் அது 8.1 ஆக உயர்ந்தது. எல்லையை ஒட்டிய பழைய கம்பைலரில் இருந்தால் வேறு எதையும் தேடாமல் முதலில் அதை மாற்றுங்கள். அந்தப் பதிப்புகளுக்கு இனி யாரும் திருத்தம் வெளியிடப் போவதில்லை.

## 2. விழுந்தது கம்பைலர்தானா?

ஒரு .ஓ கோப்பு உருவாகும் வழியில் கம்பைலர் மட்டும் ஓடுவதில்லை. எக்ஸ்86-இல் கம்பைலர் முடித்த பிறகு அதே கோப்பின் மீது, உருவான கோடைச் சரிபார்க்கும் ஆப்ஜ்டூல் ஓடுகிறது. சார்புகளைக் குறிக்க ஃபிக்ஸ்டெப் ஓடுகிறது. மாட்யூல் உருவாகும் கட்டத்தில் மாட்போஸ்ட், லிங்கர், பிடிஎஃப் (தரவு வகைகளை விவரிக்கும்) தகவலுக்கான பாஹோல் எல்லாம் வருகின்றன. இவற்றில் எது செக்மென்டேஷன் ஃபால்ட் ஆனாலும் மேக் காட்டுவது அதே .ஓ அல்லது .கேஓ பெயரைத்தான்.

எனவே "மேக் வி=1" கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். எந்தக் கட்டளை ஓடியபோது நின்றது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். "இன்டர்னல் கம்பைலர் எரர்" என்ற சொற்கள் எங்குமே இல்லாமல் "செக்மென்டேஷன் ஃபால்ட், கோர் டம்ப்ட்" மட்டும் இருந்தால், ஆப்ஜ்டூல் போன்ற துணைக் கருவிகளைச் சந்தேகியுங்கள். எல்எல்விஎம் திட்டத்தின் கம்பைலரான கிளாங்கில் எல்டிஓ (லிங்க் நேரத்து ஆப்டிமைசேஷன்) இயக்கியிருந்தால் ஆப்டிமைசேஷனின் பெரும்பகுதி லிங்க் கட்டத்துக்குத் தள்ளிப்போகும். அப்போது விழுவது லிங்கர். குற்றவாளி எந்தச் சி கோப்பு என்பது மேலோட்டமாகத் தெரியாது. எல்டிஓவை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

இன்னொரு செய்தியையும் இங்கேயே பிரித்துவிட வேண்டும். "கில்ட் சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1" என்று வந்தால் கம்பைலர் (சிசி1 என்பது ஜிசிசிக்குள் சி கோடைக் கம்பைல் செய்யும் நிரல்) தானாக விழவில்லை. யாரோ அதைக் கொன்றிருக்கிறார்கள். அந்த "யாரோ" பெரும்பாலும் ரேம் தீர்ந்தபோது ப்ராசஸைத் தேர்ந்தெடுத்து நிறுத்தும் கெர்னல்தான். நேராகப் படி 5-க்குப் போங்கள்.

## 3. பிழைச்செய்தியை வரி வரியாகப் படியுங்கள்

ஜிசிசியின் விழுகைச் செய்தி பொதுவாக இந்த வடிவத்தில் இருக்கும்:

டியூரிங் ஜிம்பிள் பாஸ்: ஐவிஆப்ட்ஸ்
நெட்டெவ்.சி: இன் ஃபங்ஷன் 'க்ளீன்_ஆர்எக்ஸ்_ரிங்':
நெட்டெவ்.சி:1012:1: இன்டர்னல் கம்பைலர் எரர்: செக்மென்டேஷன் ஃபால்ட்

முதல் வரிதான் இதில் மிக மதிப்புள்ளது. கம்பைலர் எந்தக் கட்டத்தில் இருந்தபோது விழுந்தது என்பதை அது சொல்கிறது. இப்படிப்பட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் பாஸ் என்று பெயர். ஜிம்பிள் பாஸ் என்றால் கோடின் உயர்நிலை வடிவத்தில் நடக்கும் ஆப்டிமைசேஷன். ஆர்டிஎல் பாஸ் என்றால் இயந்திரக் கட்டளைகளுக்கு அருகில், ரெஜிஸ்டர் ஒதுக்கும் கட்டங்களில். ஐபிஏ பாஸ் என்றால் பல ஃபங்ஷன்களைச் சேர்த்துப் பார்க்கும் கட்டம். படி 8-இல் இந்தப் பெயர் வேண்டும், குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வரியில் ஃபங்ஷன் பெயர். மூன்றாவதில் வரி எண். அந்த எண் ஃபங்ஷனை மூடும் அடைப்புக்குறியைக் காட்டினால் குழம்ப வேண்டாம். முழு ஃபங்ஷனையும் கையாளும் பாஸ் விழுந்தால் ஜிசிசி பெரும்பாலும் அந்த இடத்தையே காட்டும். அந்த வரியில் எதையும் தேடாதீர்கள், அங்கே ஒன்றும் இல்லை.

செக்மென்டேஷன் ஃபால்ட்டுக்குப் பதிலாக "இன் எக்ஸ்ட்ராக்ட்_இன்சன், அட் ரெகாக்.சிசி" என்பதுபோல ஒரு ஃபங்ஷன் பெயரும் கோப்புப் பெயரும் வந்தால், கம்பைலர் தன்னைத்தானே சரிபார்க்கும்போது முரண்பாட்டைக் கண்டு நிறுத்திக்கொண்டது என்று பொருள். இது நல்ல செய்தி. ரேம் பழுதால் இப்படி நடப்பது அரிது. தேடுவதற்கும் குறிப்பான சொல் கிடைத்துவிட்டது. ஜிசிசி 12-இலிருந்து அதன் சோர்ஸ் கோப்புகள் .சி என்பதிலிருந்து .சிசி என்று பெயர் மாறின. பழைய புகார்களைத் தேடும்போது கோப்பின் விகுதியை விட்டுவிட்டு ஃபங்ஷன் பெயரை மட்டும் தேடுங்கள்.

"கன்ஃப்யூஸ்டு பை எர்லியர் எரர்ஸ், பெய்லிங் அவுட்" என்பது வேறு வகை. முன்னால் சாதாரணப் பிழைகள் இருந்தன, அவற்றால் தடுமாறிப் பிறகு கம்பைலர் விழுந்தது. டிரைவரைக் கெர்னல் பதிப்புக்குப் பதிப்பு எடுத்துச்செல்லும்போது இது சகஜம். இங்கே மட்டும் முதலில் கோடைத் திருத்துவதுதான் சரி: மேலே உள்ள முதல் "எரர்" வரியைச் சரிசெய்தால் பெரும்பாலும் விழுகையும் மறையும்.

## 4. ஒரே ஒரு கோப்பை மட்டும் மறுபடி விழவையுங்கள்

முழு பில்டை மறுபடி மறுபடி ஓட்டுவது வீண். கெர்னலின் மேக், தனிக் கோப்பைப் பில்ட் செய்ய வழி தருகிறது:

மேக் வி=1 -ஜே1 டிரைவர்ஸ்/நெட்/ஈத்தர்நெட்/இன்டெல்/இ1000இ/நெட்டெவ்.ஓ

-ஜே1 கொடுப்பதற்குக் காரணம், பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினால் அவற்றின் வெளியீடுகள் கலந்து, ஒன்றின் பிழை இன்னொன்றின் பெயருக்குக் கீழே போய் உட்காரும். வி=1 கொடுப்பதற்குக் காரணம், அடுத்த படிகளுக்கு முழுக் கட்டளை வேண்டும். அதைப் பிரதி எடுத்து ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் வையுங்கள்.

கெர்னல் மரத்துக்கு வெளியே உள்ள டிரைவர் என்றால், ஓடும் கெர்னலின் பில்ட் டைரக்டரியை -சி மூலமாகவும் உங்கள் டைரக்டரியை எம்= மூலமாகவும் கொடுங்கள். தொடக்கத்திலேயே "தி கம்பைலர் டிஃபர்ஸ் ஃப்ரம் தி ஒன் யூஸ்டு டு பில்ட் தி கெர்னல்" என்ற எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். கெர்னலை ஒரு கம்பைலரும் டிரைவரை வேறொரு கம்பைலரும் கையாள்கின்றன என்று அது சொல்கிறது. பலர் இதைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். கெர்னலைக் கட்டிய அதே பதிப்பை சிசி= மூலம் கொடுத்தாலே சில சமயம் வேலை முடிந்துவிடும்.

## 5. இயந்திரத்தின் மீதான சந்தேகத்தை நீக்குங்கள்

படி 4-இன் கட்டளையைத் தொடர்ந்து பத்து முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பாஸ், அதே ஃபங்ஷன், அதே வரி வந்தால் இயந்திரம் பெரும்பாலும் நிரபராதி. ஒருமுறை இங்கே, ஒருமுறை அங்கே, ஒருமுறை சரியாகவே முடிகிறது என்றால் கம்பைலர் பிழையைத் தேடாதீர்கள். கம்பைலர் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே பாதையில் போகும் நிரல். நடத்தை மாறினால் அடியில் ஏதோ மாறுகிறது.

டெபியன், உபுண்டு போன்றவற்றின் ஜிசிசி இந்தச் சோதனையைத் தானே செய்து, "தி பக் இஸ் நாட் ரிப்ரொடியூசிபிள், சோ இட் இஸ் லைக்லி எ ஹார்டுவேர் ஆர் ஓஎஸ் பிராப்ளம்" என்று சொல்வதும் உண்டு. அந்த வாக்கியத்தை அப்படியே நம்பலாம்.

அடுத்து டிமெசேஜ் கட்டளையில் கெர்னல் லாகைப் பாருங்கள். "அவுட் ஆஃப் மெமரி: கில்ட் பிராசஸ்" என்ற வரியில் சிசி1 இருந்தால் ரேம் தீர்ந்துவிட்டது. -ஜே எண்ணைக் குறையுங்கள். ஒரு வேலைக்கு 2 ஜிபி ரேம் என்று கணக்கிட்டால் பாதுகாப்பு. கன்டெய்னருக்குள் பில்ட் செய்தால், வெளியே 64 ஜிபி இருந்தாலும் கன்டெய்னரின் வரம்பு 4 ஜிபி ஆக இருக்கலாம். ஃப்ரீ கட்டளை உள்ளே காட்டுவது வெளி இயந்திரத்தின் எண். அதை நம்பி -ஜே16 கொடுத்து ஏமாறுவது மிகவும் சகஜம்.

விழும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரேமை மெம்டெஸ்ட்86+ கொண்டு குறைந்தது ஒரு முழுச் சுற்று சோதியுங்கள். ரேமின் வேகத்தை எக்ஸ்எம்பி போன்ற அமைப்பால் கூட்டியிருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மற்ற நிரல்கள் நன்றாக ஓடுகின்றன என்பது சான்று ஆகாது. கெர்னல் பில்ட் ப்ராசசரின் எல்லாக் கோர்களையும் ரேமையும் மணிக்கணக்கில் முழுமையாகப் பயன்படுத்துகிறது. சுட்டிகளால் பின்னப்பட்ட தரவுகளில் ஒரு பிட் மாறினாலும் கம்பைலர் விழுந்துவிடும். பிரவுசரில் அதே பிட் ஒரு படத்தின் நிறத்தை மாற்றிவிட்டுப் போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

## 6. சூழலைத் துடைத்து எடுங்கள்

இப்போது விழுகை நிலையானது என்று தெரிந்துவிட்டது. கம்பைலரைச் சுற்றி ஒட்டியிருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்தால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

முதலில் ஜிசிசி பிளகின்கள். கெர்னலில் கான்ஃபிக்_ஜிசிசி_பிளகின்ஸ் இயக்கத்தில் இருந்தால், ஸ்டாக்லீக், லேட்டன்ட் என்ட்ரபி, ராண்ட்ஸ்ட்ரக்ட் போன்றவை கம்பைலருக்குள் புகுந்து அதன் உள் தரவுகளையே மாற்றுகின்றன. பிளகினில் பிழை இருந்தாலும் செய்தி "இன்டர்னல் கம்பைலர் எரர்" என்றுதான் வரும். செய்தியின் கீழே "தேர் ஆர் ஆக்டிவ் பிளகின்ஸ், டூ நாட் ரிப்போர்ட் திஸ் அஸ் எ பக்" என்ற எச்சரிக்கையை ஜிசிசியே அச்சிடும். பிளகின்களை நிறுத்திய கான்ஃபிக்கில் விழுகை மறைந்தால் வேட்டை முடிந்தது. கெர்னலின் பிளகின் கோடில் தேடுங்கள், ஜிசிசியில் அல்ல. இங்கே இன்னொரு பொறியும் உண்டு: டிஸ்ட்ரோ அப்டேட் ஜிசிசியை மாற்றியிருந்தும் பிளகின்கள் பழைய ஜிசிசிக்காகக் கட்டப்பட்டவையாக இருக்கலாம். அவற்றை மறுபடி கட்ட வேண்டும்.

அடுத்து, ஓடும்போது பிழைகளைக் கண்டுபிடிக்கும் சானிடைசர்களும், எந்தக் கோடு ஓடியது என்று பதியும் கேகவும். கேஏசான், யுபிசான், கேகவ் ஆகியவை ஒவ்வொரு நினைவக அணுகலுக்கும் கிளைக்கும் கூடுதல் கோடைச் செருகுகின்றன. நெட்வொர்க் டிரைவர்களில் இதன் தாக்கம் பெரிது. எஸ்கேபஃப் (பாக்கெட்), நெட்டிவைஸ் (நெட்வொர்க் கார்டு) ஹெடர்களில் நூற்றுக்கணக்கான ஸ்டாடிக் இன்லைன் ஃபங்ஷன்கள் உண்டு. அவை அனுப்பும் ஃபங்ஷனுக்கும் பெறும் ஃபங்ஷனுக்கும் உள்ளே விரிகின்றன. அதன் மீது சானிடைசர் கோடும் சேர்ந்தால் ஒரே ஃபங்ஷன் பல மடங்கு பெருத்துவிடும். கோப்பு அளவில் மட்டும் நிறுத்திப் பார்க்க, அந்த டைரக்டரியின் மேக்ஃபைலில் "கேஏசான்_சானிடைஸ்_நெட்டெவ்.ஓ := என்" என்று சேருங்கள். யுபிசானுக்கும் கேகவுக்கும் இதே மாதிரி தனித்தனி மாறிகள் உண்டு.

சிகேஷும் (பழைய கம்பைல் முடிவுகளைச் சேமித்து வைப்பது) டிஸ்ட்சிசியும் (வேலையைப் பல இயந்திரங்களுக்குப் பிரிப்பது) இருந்தால் சிசி= மூலம் உண்மையான ஜிசிசியின் முழுப் பாதையைக் கொடுத்து அவற்றைத் தாண்டுங்கள். டிஸ்ட்சிசியில் வேலை வேறு இயந்திரத்துக்குப் போகிறது. அங்கே இருக்கும் கம்பைலர் உங்களுடையது போல இருக்க வேண்டியதில்லை.

கடைசியாகப் பழைய மிச்சங்கள். பில்ட் டைரக்டரியைத் துடைக்காமல், ஓ= கொடுத்து முற்றிலும் புதிய டைரக்டரியில் அதே டாட்-கான்ஃபிக்கை வைத்து "மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்" ஓட்டி, அந்த ஒரு கோப்பைப் பில்ட் செய்யுங்கள். பழைய டைரக்டரி ஒப்பிடுவதற்கு அப்படியே இருக்கட்டும். சோர்ஸ் மரத்துக்குள்ளேயே முன்பு பில்ட் செய்திருந்தால் மேக் இதை ஏற்காது, எம்ஆர்புரொப்பர் கேட்கும். அப்போது மரத்தின் பிரதி ஒன்றை எடுத்து அதில் செய்யுங்கள்.

## 7. தனித்து நிற்கும் கோப்பாக மாற்றுங்கள்

கெர்னல் மரம் இல்லாமலே விழும் ஒரே கோப்பு கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதற்கு முன்செயலி (ஹெடர்களையும் மேக்ரோக்களையும் விரிக்கும் கட்டம்) ஓடிய வடிவம் வேண்டும்:

மேக் டிரைவர்ஸ்/நெட்/ஈத்தர்நெட்/இன்டெல்/இ1000இ/நெட்டெவ்.ஐ

இப்போது படி 4-இல் சேமித்த கட்டளையை எடுத்து மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். சார்புக் கோப்பு எழுதும் "டபிள்யூபி, எம்எம்டி" பகுதியை நீக்குங்கள். ஹெடர் பாதைகள், மேக்ரோ வரையறைகள், -இன்க்ளூட் தேர்வுகள் ஆகியவற்றை நீக்குங்கள். அவற்றின் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. கடைசியில் .சி பெயருக்குப் பதிலாக .ஐ பெயரைக் கொடுங்கள். எஃப், எம் என்று தொடங்கும் தேர்வுகளைத் தொடவே கூடாது. நெட்வொர்க் டிரைவர் ஃப்ளோட்டிங் பாயின்ட் பயன்படுத்தவே இல்லை, அதனால் எஸ்எஸ்இ ரெஜிஸ்டர்களைத் தடுக்கும் தேர்வு தேவையில்லை என்று தோன்றும். அதை நீக்கினால் கம்பைலர் வேறு பாதையில் போய் விழுகையே மறைந்துவிடலாம்.

ஜிசிசியில் -எஃப்ரிப்போர்ட்-பக் என்ற தேர்வும் உண்டு. விழும்போது முன்செயலி வடிவத்தையும் கட்டளையையும் தானே ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதும். கிளாங்கில் எதுவுமே கேட்க வேண்டியதில்லை. விழுந்தவுடன் டெம்ப் டைரக்டரியில் ஒரு .சி கோப்பும் அதை ஓட்ட ஒரு .எஸ்எச் ஸ்கிரிப்ட்டும் எழுதிவிடும். பெயர்களைச் செய்தியின் கடைசி வரிகளில் காணலாம். கணினியை மறுதொடக்கம் செய்வதற்கு முன் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். டெம்ப் பெரும்பாலும் துடைக்கப்பட்டுவிடும்.

## 8. எந்த ஆப்டிமைசேஷன் என்று கண்டுபிடியுங்கள்

.ஐ கோப்பின் மீது முதலில் -ஓ2-ஐ -ஓ1 ஆக மாற்றிப் பாருங்கள். விழுகை மறைந்தால் காரணம் ஓ2 மட்டும் சேர்க்கும் ஏதோ ஒரு பாஸ். ஓ0-வை இங்கே ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கெர்னல் கோடு ஆப்டிமைசேஷன் இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் எழுதப்பட்டது. கம்பைல் நேரத்துச் சரிபார்ப்பு மேக்ரோக்களும், மாறிலியைக் கேட்கும் இன்லைன் அசெம்பிளியும் ஓ0-வில் வேறு பிழைகளைக் கொட்டும். அதைக் கண்டு கோடு தவறு என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம்.

படி 3-இல் குறித்த பாஸ் பெயர் இப்போது நேரத்தை மிச்சப்படுத்தும். ஐவிஆப்ட்ஸ் என்றால் -எஃப்நோ-ஐவிஆப்ட்ஸ். விஆர்பி என்றால் -எஃப்நோ-ட்ரீ-விஆர்பி. ஸ்கெட்2 என்றால் -எஃப்நோ-ஷெட்யூல்-இன்சன்ஸ்2. வெக்ட், எஸ்எல்பி என்றால் -எஃப்நோ-ட்ரீ-வெக்டரைஸ். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள்: ஜிசிசி 12-இலிருந்து ஓ2-விலேயே வெக்டரைசேஷன் இயங்குகிறது. ஜிசிசி 11-இல் நன்றாகப் பில்ட் ஆன டிரைவர் 12-இல் திடீரென்று விழுந்தால் முதலில் இதை நிறுத்திப் பாருங்கள். கார்டின் எம்ஏசி முகவரியையோ டிஸ்கிரிப்டரையோ பைட் பைட்டாக நகலெடுக்கும் சிறு லூப்கள் நெட்வொர்க் டிரைவர்களில் நிறைய. அவற்றைத்தான் இந்தப் பாஸ் ஒன்றாகச் சேர்க்கப் பார்க்கும்.

தனித் தேர்வு இல்லாத பாஸ்களுக்கு -எஃப்டிசேபிள்-ட்ரீ, -எஃப்டிசேபிள்-ஆர்டிஎல் என்ற தேர்வுகளோடு பாஸ் பெயரைச் சேர்த்துக் கொடுக்கலாம். இது கண்டறிவதற்கு மட்டும். கட்டாயமாக ஓட வேண்டிய பாஸை நிறுத்தினால் அதனாலேயே புதிதாக ஒரு விழுகை வரும்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: விழுந்த பாஸ்தான் தவறு செய்தது என்று நிச்சயம் இல்லை. முந்தைய பாஸ் ஒன்று தரவைக் கெடுத்து வைத்திருக்க, பின்னால் வந்தது அதைத் தொட்டு விழுந்திருக்கலாம். குறிப்பாக "அன்ரெகக்னைசபிள் இன்சன்" என்று வந்தால், அடையாளம் காணாத கட்டளையை உருவாக்கியது வேறு பாஸ். விழுந்த இடம் அதைக் கண்டுபிடித்த இடம் மட்டுமே.

கிளாங்கில் இதற்கு நேரான கருவி ஆப்ட்-பைசெக்ட்-லிமிட். எம்எல்எல்விஎம் வழியாக அதற்கு ஒரு எண் கொடுத்தால், அத்தனை படிகளோடு ஆப்டிமைசேஷன் நிற்கும். எண்ணைப் பாதி பாதியாகக் குறைத்தால் சில ஓட்டங்களில் சரியான பாஸும் ஃபங்ஷனும் கிடைத்துவிடும்.

## 9. வேறு பதிப்பில் ஓட்டிப் பாருங்கள்

கெர்னல்.ஆர்க் தளத்தில் பல கட்டமைப்புகளுக்கான முன்கூட்டியே கட்டிய ஜிசிசிகளும் எல்எல்விஎம்களும் கிடைக்கின்றன. அவற்றை அவிழ்த்து வைத்து .ஐ கோப்பை நேரடியாக ஓட்டலாம். சிஸ்டத்தின் கம்பைலரைத் தொட வேண்டியதில்லை.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் உங்கள் கிளையின் கடைசிப் பதிப்பு, உதாரணமாக 13.1 இருந்தால் 13-இன் கடைசி வெளியீடு. அதில் விழவில்லை என்றால் பிழை ஏற்கெனவே திருத்தப்பட்டுவிட்டது. அப்டேட் செய்தால் போதும், படி 11 வேண்டாம். அதிலும் விழுந்தால் அடுத்த பெரிய பதிப்பு. பிறகு முந்தைய பெரிய பதிப்பு; அது விழவில்லை என்றால் இது பின்னடைவு, புகாரில் அந்தத் தகவலுக்கு மதிப்பு அதிகம்.

கெர்னல் முழுவதையும் கிளாங்குக்கு மாற்றிப் பார்க்க எல்எல்விஎம்=1 கொடுங்கள், ஆனால் புதிய ஓ= டைரக்டரியில். ஜிசிசியால் கட்டிய கெர்னலுக்கு வெளி டிரைவரை மட்டும் கிளாங்கில் கட்ட முயன்றால், ஜிசிசிக்கு மட்டும் புரியும் தேர்வுகள் கிளாங்குக்குப் போய் "அன்நோன் ஆர்க்யுமென்ட்" என்று நிற்கும்.

## 10. வேலை ஓட ஒரு தற்காலிக வழி

டிரைவர் இன்றே வேண்டும், கம்பைலரை மாற்ற முடியாது என்றால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் அந்த ஒரு பாஸை நிறுத்துங்கள். டிரைவரின் மேக்ஃபைலில்:

சிஃப்ளாக்ஸ்_நெட்டெவ்.ஓ += -எஃப்நோ-ட்ரீ-வெக்டரைஸ்

பாஸ் தெரியாவிட்டால் இதே இடத்தில் -ஓ1 கொடுக்கலாம். கோப்புக்குரிய தேர்வுகள் பொதுத் தேர்வுகளுக்குப் பின்னால் சேர்வதால் பின்னது வெல்லும். பொதுத் தேர்வு ஒன்றை நீக்கவே வேண்டுமென்றால் சிஃப்ளாக்ஸ்_ரிமூவ்_நெட்டெவ்.ஓ என்ற மாறி இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் நீக்கும்.

கட்டளை வரியில் சிஃப்ளாக்ஸ்= கொடுப்பது பலனற்றது, கெர்னல் பில்ட் அதை எடுத்துக்கொள்வதில்லை. கேசிஃப்ளாக்ஸ்= எடுத்துக்கொள்ளும், ஆனால் கெர்னல் முழுவதற்கும் போய்விடும்: ஒரு கோப்புக்காக எல்லாம் மறுபடி கம்பைல் ஆகி எல்லாமே மெதுவாகும். ஃபங்ஷனுக்கு மேலே ஆப்டிமைஸ் அட்ரிபியூட் போடும் வழியைப் பலர் சொல்வார்கள். அது பிழை தேடுவதற்கு மட்டும், உற்பத்திக் கோடுக்கு ஏற்றதல்ல என்று ஜிசிசி ஆவணமே சொல்கிறது. தவிருங்கள்.

மேக்ஃபைல் வரிக்கு மேலே எந்த ஜிசிசி பதிப்பு, எந்தப் பாஸ், எந்தப் புகார் எண் என்று குறிப்பு எழுதுங்கள். குறிப்பு இல்லாத தேர்வை யாரும் பிறகு நீக்கத் துணிய மாட்டார்கள்.

மாற்றிய பிறகு "ஃப்ரேம் சைஸ்" எச்சரிக்கை வருகிறதா பாருங்கள். ஆப்டிமைசேஷன் குறைந்தால் ஃபங்ஷனின் ஸ்டாக் பயன்பாடு கூடலாம். 64 பிட் கெர்னலில் வழக்கமான எல்லை 2048 பைட். கெர்னல் ஸ்டாக் சிறியது, இந்த எச்சரிக்கையை அடக்கிவிட்டுப் போகக் கூடாது.

## 11. கோடைச் சுருக்குங்கள்

.ஐ கோப்பு பல்லாயிரம் வரி இருக்கும். சி-வைஸ் என்ற கருவி அதைத் தானே சில பத்து வரிகளுக்குச் சுருக்கிவிடும். அது கேட்பது ஒரே ஒரு சோதனை ஸ்கிரிப்ட்: விழுகை இன்னும் இருந்தால் 0, இல்லையென்றால் வேறு எண் திருப்ப வேண்டும்.

ஸ்கிரிப்ட்டில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். "இன்டர்னல் கம்பைலர் எரர்" என்ற சொற்களை மட்டும் தேடினால், சுருக்கும் வழியில் முற்றிலும் வேறொரு விழுகைக்குத் தாவிவிடும். பாஸ் பெயரையும், இருந்தால் கம்பைலர் ஃபங்ஷன் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். இரண்டாவதாக, விழாத இன்னொரு கம்பைலரால் அதே கோப்பு பிழையின்றிக் கம்பைல் ஆக வேண்டும் என்றும் நிபந்தனை வையுங்கள். இல்லையென்றால் பாதி வெட்டுண்ட செல்லாத கோடுதான் மிஞ்சும். மூன்றாவதாக டைம்அவுட் போடுங்கள்.

சி-வைஸ் பல தற்காலிக டைரக்டரிகளில் இணையாக ஓடும். எனவே ஸ்கிரிப்ட்டில் .ஐ கோப்பின் பெயர் பாதை இல்லாமலும், கம்பைலரின் பெயர் முழுப் பாதையோடும் இருக்க வேண்டும். தலைகீழாக எழுதினால் எல்லாச் சோதனையும் மாறாத மூலக் கோப்பின் மீதே ஓடி, எதை வெட்டினாலும் "விழுகிறது" என்றே பதில் வரும். கடைசியில் வெற்றுக் கோப்பு கிடைக்கும்.

வெளியிடக் கூடாத டிரைவர் கோடு என்றால் சுருக்குவது கட்டாயம். .ஐ கோப்பில் உங்கள் சோர்ஸ் முழுவதும் இருக்கிறது.

## 12. புகார் எழுதுங்கள்

ஜிசிசியின் பக்சில்லாவில் முதலில் தேடுங்கள். எக்ஸ்ட்ராக்ட்_இன்சன் போன்ற பொதுப் பெயருக்கு நூற்றுக்கணக்கான விடை வரும். பாஸ் பெயரும் கட்டமைப்பும் சேர்த்துத் தேடுங்கள். கிளாங் என்றால் எல்எல்விஎம்-இன் கிட்ஹப் பட்டியலும், கிளாங்பில்ட்லினக்ஸ் திட்டத்தின் பட்டியலும்.

புகாரில் நான்கு போதும்: "ஜிசிசி -வி" வெளியீடு, சரியான கட்டளை வரி, சுருக்கிய கோடு, முழுப் பிழைச்செய்தி. எந்தப் பதிப்பில் நன்றாக இருந்தது என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள். கெர்னல் டார்பாலையும் டாட்-கான்ஃபிக்கையும் கம்பைலர் குழுவுக்கு அனுப்பாதீர்கள். அவர்களுக்குக் கெர்னல் பில்ட் செய்ய நேரம் இல்லை. ஆதரவு முடிந்த கிளையின் பிழை என்றால் மூடிவிடுவார்கள். டிஸ்ட்ரோவின் ஜிசிசியில் மட்டும் விழுகிறது, அதே எண்ணுள்ள அசல் ஜிசிசியில் இல்லை என்றால் டிஸ்ட்ரோவிடம் போக வேண்டும்.

## 13. கட்டிய டிரைவரைச் சோதியுங்கள்

கம்பைல் ஆகிவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். விழும் அளவுக்குக் குழம்பிய கம்பைலர், வேறு ஒரு ஃபங்ஷனில் விழாமல் தவறான கோடை எழுதியிருக்கலாம். கன்சோலோ வேறு நெட்வொர்க் கார்டோ கையில் இருக்கும் இயந்திரத்தில் மாட்யூலை ஏற்றுங்கள். இதே கார்டு வழியாக எஸ்எஸ்எச்-இல் இருந்துகொண்டு செய்யக் கூடாது.

"ஈத்டூல் -டி" (சிறிய டி) மூலம் கார்டின் சுயசோதனையை ஓட்டுங்கள், ஆதரிக்கும் டிரைவர்களில் மட்டும் இது வேலை செய்யும். பிறகு வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3-ஐ இரு திசையிலும் ஓட்டுங்கள். அனுப்பும் பாதையும் பெறும் பாதையும் வேறு வேறு ஃபங்ஷன்கள், ஒரு திசை மட்டும் சோதித்தால் பாதிதான் தெரியும். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் "ஈத்டூல் -எஸ்" (பெரிய எஸ்) எண்ணிக்கைகளைச் சேமித்து, செக்சம் பிழைகளும் கைவிட்ட பாக்கெட்டுகளும் ஏறியிருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். அடுத்து செக்சம் ஆஃப்லோடையும் (செக்சம் கணக்கைக் கார்டுக்கு விடுவது) டிஎஸ்ஓவையும் (பெரிய தரவைப் பாக்கெட்டுகளாகப் பிரிப்பதைக் கார்டுக்கு விடுவது) நிறுத்தி அதே சோதனையை ஓட்டுங்கள். ஆஃப்லோட் இல்லாதபோது கோடு வேறு கிளைகளில் போகும், அந்தக் கிளைகளும் அதே கம்பைலர் எழுதியவைதான்.

திருத்தப்பட்ட ஜிசிசி உங்கள் டிஸ்ட்ரோவுக்கு வந்ததும் படி 10-இன் வரியை நீக்கி, சேமித்து வைத்த .ஐ கோப்பை முதலில் அதே கட்டளையால் ஓட்டிப் பாருங்கள். அது விழாமல் முடிந்த பிறகு டிரைவரை மறுபடி கட்டி, இந்தச் சோதனைகளை மறுபடி ஓட்டுங்கள்.